பதிமூன்று குதிரைகள்

நாலு சங்கிலி போட்டு
உருளைகளின் மேல் கட்டியிருக்கிறேன்.
நூற்றைம்பதில் பறக்கும், ஓரடி நகராது.
அதற்குத்தான் எனக்குக் காசு.
லாபுவாவில் இந்த மாதிரி கொட்டகை
என்னுடையது ஒன்றுதான்.

யிர்க்கிக்குப் பால் லாரி ஓட்டுகிற வேலை.
பகல் முழுக்க எண்பதைத் தாண்டாமல்
பதினெட்டாயிரம் லிட்டரைத் தளும்பாமல் கொண்டுபோவான்.
ராத்திரிக்கு இந்தச் சிவப்பு வண்டி,
ஜப்பானில் பிறந்தது, இரண்டே கதவு,
முதுகில் வெயில் தின்ற பெயிண்ட்.

வாங்கியபோது இருநூற்று எண்பது குதிரை.
போதவில்லை.

முதல் வருஷம் பெரிய டர்போ வைத்தான்.
கிளட்ச் வழுக்கியது.
கிளட்சை மாற்றினான்.
மூன்றாம் கியரின் பல் ஒன்று
எண்ணெயின் அடியில் கிடந்தது.
கியர்பெட்டி மாற்றியதும் பின் அச்சு முறிந்தது.
கீழே தள்ளிய குதிரையே குழியும் பறித்தது.
பலவீனம் வீடு மாறிக்கொண்டே இருக்க
எல்லா வீட்டுக்கும் இவனே வாடகை கட்டினான்.

இந்த வருஷம் தலையையே திறந்தோம்.
வார்த்த பிஸ்டன்கள் வெளியே,
அடித்துச் செய்தவை ஆறு உள்ளே.
புதுக் கேம் தண்டு இரண்டு.
முன்னதைவிட இரண்டு பங்கு பீய்ச்சும் இன்ஜெக்டர்கள்.
கேஸ்கெட்டை வைக்கும்போது
மூச்சைப் பிடித்துக்கொண்டான்,
தூசி விழுந்துவிடுமாம்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்று.
டார்க் ஸ்பேனரின் ஒவ்வொரு க்ளிக்கையும்
வாய்விட்டு எண்ணினான்.
எங்கள் மொழியில் எண்களுக்கு வால் நீளம்;
பாதியை விழுங்கினான்.

ஐந்நூறு வரும் என்று
பால் பண்ணை கேன்டீனில் சொல்லிவிட்டான்.
ஸ்டிக்கரும் அடித்தாயிற்று,
பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம்.
ஹீட்டர் ஓடுகிறது, கொட்டகையில் இருபத்திரண்டு டிகிரி.
ஹெட்போனில் நான் நாக் சத்தத்தைத் தேடுகிறேன்.
சோளம் பொரிகிற மாதிரி ஒரு பொட்டு கேட்டாலும்
காலை எடுத்துவிட வேண்டும்.
கேட்கவில்லை.
மூவாயிரத்துக்கு மேல் டர்போ விசில் எடுத்தது,
தகரக் கூரை கிடுகிடுத்தது,
மேஜையில் என் காப்பி வட்டம் வட்டமாய் நடுங்கியது.

நானூற்று எண்பத்தேழு.

மறுபடியும். எண்பத்தேழு.
எரிபொருளைக் கொஞ்சம், தீப்பொறியைக் கொஞ்சம்.
எண்பத்தாறு.

யிர்க்கி துணியால் கையைத் துடைத்தான்,
அழுக்கில்லாத கையை.
"தாளில் மட்டும் ஐந்நூறு என்று..."
என்று ஆரம்பித்தவன்
என் முகத்தைப் பார்த்து
பாதியில் விழுங்கினான்.

வண்டி அங்கேயே நின்றது.
ராத்திரி வானம் துடைத்துக்கொண்டது.
விடியும்போது மைனஸ் பதினொன்று.
நான் போன் பண்ணினேன். பல் துலக்காமல் வந்தான்.
இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு,
எஞ்சினைச் சூடாக்கி, மிதித்தோம்.
குளிர் உறைந்த வயலிலிருந்து நேரே வந்து
டர்போவின் வாய்க்குள் போயிற்று.
இறுகிய காற்று, கடித்துத் தின்னலாம்.

ஐந்நூற்று மூன்று.

நான்கு வருஷச் சம்பளத்தில் விளையாத குதிரைகள்
வேலி தாண்டி, விலை சொல்லாமல்
உள்ளே வந்து நின்றன.
யிர்க்கி சத்தம் போடவில்லை.
திரையருகே போய்
அந்த மூன்றை விரலால் தொட்டான்.

எந்திரத்தில் ஒரு பொத்தான் உண்டு:
திருத்தக் கணக்கு.
குளிர் கொடுத்ததைக் குளிருக்கே கழித்துவிட்டு
இரும்புக்கு உரியதை மட்டும் சொல்லும்.
அழுத்தினேன். என் தொழில் அது.

நானூற்று எண்பத்தெட்டு.

இரண்டு தாளையும் அச்சடித்து நீட்டினேன்.
ரொம்ப நேரம் வாசலில் நின்றான்,
வாயிலிருந்து புகை போலப் போனது மூச்சு.
பிறகு ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்,
இன்னொன்றை அடுப்பில் போட்டான்.
சங்கிலியைக் கழற்றக் குனிந்திருந்தேன்.
எது என்று பார்க்கவில்லை.